இடது கையின் கீழ் ஒரு வாத்தியக் குழு

பக்கவாத்தியம் என்ற சொல் தமிழ் இசை மேடையில் மனிதரோடு சேர்ந்தே வழங்கிவந்திருக்கிறது; பாடுபவரின் முகத்தைப் பார்த்து, அவர் அடுத்து எங்கே நிறுத்துவார், எங்கே இடம் விட்டு எடுப்பார் என்று ஊகித்துக்கொண்டு உடன் வாசிக்கும் மிருதங்கக்காரரும் வயலின்காரரும் கடக்காரரும் அச்சொல்லுக்கு உரியவர்கள். அரேஞ்சர் கீபோர்டு எனப்படும் மின்னணு இசைக்கருவிக்குள் ‘ஸ்டைல்’ என்ற பெயரில் அடங்கியிருக்கும் பக்கவாத்தியமோ இதற்கு நேர்மாறான இயல்புடையது. ஒரு பொத்தானை அழுத்தியதும் டிரம்ஸ், பேஸ் கிதார், ரிதம் கிதார், பியானோ, வயலின் கூட்டம் ஆகிய அனைத்தும் திரண்டு ஒலித்தாலும், வாசிக்கப்படும் பாட்டு எது என்பது அந்தக் குழுவுக்குத் தெரியாது; வலது கை வாசிக்கும் மெட்டை வழக்கமான அமைப்பில் அது கவனிப்பதும் இல்லை. இடது கை எந்தக் கார்டைப் பிடித்திருக்கிறது, எந்தப் பொத்தான் எந்தத் தட்டில் அழுத்தப்பட்டது என்ற இரண்டு செய்திகளே அதற்கு எட்டுகின்றன. திருமண மண்டபத்திலோ கோயில் விழாவிலோ தனியொருவர் கீபோர்டு வாசிக்கும்போது, அவர் கருவியை வாசிக்கிறாரா, கருவி அவரை இழுத்துச் செல்கிறதா என்ற ஐயம் கேட்போருக்குச் சில வேளைகளில் எழுவது, இந்த வரம்பை வாசிப்பவர் உணராததன் விளைவேயாகும்.

மூன்றோ அதற்கு மேற்பட்டனவோ ஆகிய சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் தொகுதியைக் கார்டு என்பர். ச, க, ப ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு கார்டு, அதில் காந்தாரம் அந்தர காந்தாரமானால் மேஜர், சாதாரண காந்தாரமானால் மைனர். கடையில் கீபோர்டு என்ற ஒரே பெயரில் விற்கப்படும் கருவிகளுள், பியானோவின் தொடு உணர்வையும் ஒலியையும் மட்டும் நாடும் டிஜிட்டல் பியானோவும், புதிய ஒலிகளைச் செதுக்குவதற்கான சிந்தசைசரும் வேறு இனங்கள். இடது கையில் கார்டு, வலது கையில் மெட்டு, பின்னால் தானாக ஓடும் குழு என்ற மூன்றும் ஒன்றாக இயங்கும்படி அமைக்கப்பட்டதே அரேஞ்சர். தமிழ்நாட்டில் ‘ரிதம் போட்டு வாசிப்பது’ என்று சாதாரணமாகச் சொல்லப்படுவது இதைத்தான். ஆனால் ரிதம் என்பது ஸ்டைலின் ஒரு பகுதியே என்பதால், அந்த வழக்கு சற்றே குழப்பமும் தருகிறது.

ஒரு விரலால் முழுக் கார்டையும் எழுப்பும் எண்ணம் மின்சாரத்துக்கு முந்தியது. அக்கார்டியன் என்னும் துருத்திப் பெட்டியின் இடது பக்கத்தில் வரிசையாக அமைந்துள்ள பொத்தான்களுள் சில பேஸ் சுரத்தையும், சில மேஜர், மைனர், செவன்த் கார்டுகளை முழுமையாகவும் எழுப்புகின்றன. அதை வாசிப்பவர் இடது விரல்களால் ‘பேஸ், கார்டு, கார்டு’ என்று மாறி மாறி அழுத்தியே வால்ட்ஸ் நடனத்துக்குரிய தாளத்தை உண்டாக்கிவிடுவார். அக்கார்டியன் தொழிலுக்குப் பெயர்பெற்ற காஸ்டெல்ஃபிடார்டோ என்ற ஊர் இத்தாலியின் மார்க்கே மாநிலத்தில் இருக்கிறது. அரேஞ்சர்களைச் செய்யும் கெட்ரான் நிறுவனம் அதே மாநிலத்தின் தலைநகரான அங்கோனாவில் இயங்குகிறது. கோர்க் நிறுவனத்தின் ‘பி.ஏ.’ வரிசை அரேஞ்சர்கள் அருகிலுள்ள ஒசிமோவில் உருவாக்கப்படுகின்றன. ரோலண்ட் நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவும் அம்மாநிலத்தின் அக்குவாவிவா பிச்சேனாவில் தான் இருந்தது. துருத்திப் பெட்டி செய்த கைகளின் மரபு அரேஞ்சர் கீபோர்டுக்கு மாறிச் சென்றது என்று கருதுவதற்கு இந்த நிலப்படம் இடம் தருகிறது.

தாளத்தைத் தானே அடிக்கும் பெட்டி வேறொரு வழியில் வந்தது. அமெரிக்காவின் வூர்லிட்சர் நிறுவனம் 1959இல் வெளியிட்ட ‘சைட்மேன்’ என்ற கருவியில், சுழலும் தட்டொன்று மின் தொடுப்புகளைத் தொட்டுச் செல்ல, ஒவ்வொரு தொடுப்பும் ஒரு தாள ஒலியை எழுப்பியது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் தட்டின் சுழற்சியை மாற்றினால் போதும். வீடுகளில் வைத்து வாசிக்கும் மின் ஆர்கன்களுக்குள் இத்தகைய தாளப் பெட்டியும் ஒற்றை விரல் கார்டும் அடுத்தடுத்துப் புகுந்தன. இசைக்கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வதற்கான பொதுக் குறிமொழியாகிய ‘மிடி’ 1983இல் வந்தபின், ‘இந்தச் சுரம், இந்தக் கணத்தில், இவ்வளவு அழுத்தத்தில்’ என்ற குறிப்புகளாகவே ஒரு குழுவின் வாசிப்பைச் சேமித்து வைக்க முடிந்தது. ரோலண்டின் இ-20 (1988), கோர்க்கின் ஐ-3 (1993), யமாஹாவின் டைரோஸ் (2002), ஜீனோஸ் (2017) ஆகியவை அதற்குப் பிந்தைய வளர்ச்சியின் அடையாளங்கள். ஜீனோஸில் 550 ஸ்டைல்கள் இருந்தன, கற்போருக்கான பி.எஸ்.ஆர்.-இ373 போன்ற எளிய கருவியில்கூட 205 உண்டு. எண்ணிக்கையைப் பார்த்து வாங்குவோர் அவற்றுள் பத்தை நன்றாக அறிந்து வாசிப்பதே அரிது என்பது வேறு செய்தி.

ஒரு ஸ்டைலைப் பிரித்துப் பார்த்தால் அதன் இரு பரிமாணங்கள் புலப்படும். நீளவாக்கில் அது பகுதிகளால் ஆனது: பாட்டுக்கு முன் வரும் இன்ட்ரோ, பாட்டின் உடலில் சுற்றிச் சுற்றி வரும் மெயின், ஒரு மெயினிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது டிரம்ஸ்காரர் உருட்டுவது போன்ற ஃபில் இன், ஒரு கணம் எல்லாவற்றையும் வெட்டி நிறுத்தும் பிரேக், முடித்துவைக்கும் எண்டிங். யமாஹாவின் நடுத்தர, உயர்தரக் கருவிகளில் இன்ட்ரோ 3, மெயின் 4, ஃபில் இன் 4, பிரேக் 1, எண்டிங் 3 என்று 15 பகுதிகள் அமைவது வழக்கம்; மெயின் ‘ஏ’ மெலிந்ததாகவும் ‘டி’ நிறைந்ததாகவும் இருக்கும். குறுக்குவாக்கில் அது எட்டு வாத்தியப் பிரிவுகளால் ஆனது: இரண்டு ரிதம், ஒரு பேஸ், இரண்டு கார்டு, நீட்டி ஒலிக்கும் ‘பேட்’ ஒன்று, சிறு சிறு மெட்டுத் துணுக்குகளை இடையிடையே வீசும் ‘ஃப்ரேஸ்’ இரண்டு. இந்த எட்டையும் தனித்தனியே நிறுத்தவும், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கவும் முடியும் என்ற செய்தியே ஸ்டைல் வாசிப்பில் மிக முக்கியமானது என்று சொல்லத் துணியலாம். அதுவே மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும்கூட.

பதிவுசெய்த ஒலிநாடாவுக்கும் ஸ்டைலுக்கும் உள்ள வேறுபாடு கார்டு மாற்றத்தில் வெளிப்படுகிறது. ஸ்டைலை ஆக்குபவர் அதன் எல்லாப் பிரிவுகளையும் பெரும்பாலும் சி மேஜர் செவன்த் என்ற ஒரே கார்டின் மேல், அதாவது ‘சி’யைச் சட்ஜமாகக் கொண்டு ச, க, ப, நி என்ற அடித்தளத்தின் மேல், வாசித்து வைத்திருப்பார். வாசிப்பவர் ஏ மைனரைப் பிடித்த மாத்திரத்தில், சேமித்து வைத்த ஒவ்வொரு சுரத்தையும் எங்கே நகர்த்துவது என்று கருவி கணக்கிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே அளவில் தூக்கி வைத்துவிட்டால் மைனர் கிடைக்காது என்பதால், காந்தாரத்தைத் தாழ்த்துவது போன்ற மாற்றங்களை வரையறுக்கும் அட்டவணை ஒன்றும் அதற்கு வேண்டியிருக்கிறது. பேஸ் சுரம் கார்டின் மூல சுரத்தோடு கூடவே எழுந்து இறங்குகிறது. பியானோவும் வயலின்களும் அவ்வாறு தாவினால் காதுக்கு உறுத்தும் என்பதால், முந்தைய கார்டின் சுரங்களுக்கு மிக அருகிலுள்ள சுரங்களையே தேடி அமர்கின்றன. பயிற்சி பெற்ற பியானோக்காரர் விரல்களை அதிகம் நகர்த்தாமல் கார்டு மாற்றுவதும் இப்படித்தான். டிரம்ஸுக்கு மட்டும் எந்த நகர்த்தலும் இல்லை, ஏனெனில் அங்கே சுரம் ஒவ்வொன்றும் ஒரு தாளக் கருவியின் பெயர். அதை நகர்த்தினால் கிக் டிரம் மணியாகிவிடும்.

பேஸ் மேலே ஏறிக்கொண்டே போய் பேஸாக இல்லாமல் போவதைத் தடுக்கவும் ஒரு வரம்பு வைக்கப்பட்டுள்ளது. அந்த வரம்பு ‘எஃப்’ என்று வைக்கப்பட்டிருந்தால், சி, டி, இ, எஃப் வரை படிப்படியாக ஏறிய பேஸ், எஃப் ஷார்ப் கார்டு வந்ததும் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். ஒரு ஸ்டைல் ஒரு கட்டையில் கனமாகவும் இன்னொரு கட்டையில் மெலிந்தும் ஒலிப்பதாகப் பலர் உணர்வதற்கு இதுவும் ஒரு காரணம். நீட்டிப் பிடித்த வயலின் சுரம் கார்டு மாறும்போது நின்றுவிடுவதா, புதிய சுரத்துக்கு வழுக்கிச் செல்வதா, மீண்டும் தொடங்குவதா என்பதும் ஸ்டைலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கிதார் இந்தக் கணக்குக்கு வெகுகாலம் பிடிபடாமலேயே இருந்தது. ஆறு நரம்புகளில் விரல் எட்டும் இடங்களையொட்டித்தான் கிதார் கார்டின் சுரங்கள் அடுக்கப்படும் என்பதால், பியானோவுக்கான விதியில் நகர்த்தப்பட்ட கிதார் பொம்மைத்தனமாக ஒலித்தது. யமாஹா 2008இல் டைரோஸ்-3 கருவியோடு கொண்டுவந்த புதிய ஸ்டைல் வடிவம் கிதாருக்கென்றே தனி விதிகளைச் சேர்த்தது.

கார்டை அறிவிக்கும் வழிகளுள் எளியது ஒற்றை விரல் முறை. யமாஹாவில் ஒரு கட்டையை அழுத்தினால் மேஜர். அதோடு இடப்பக்கத்துக் கறுப்புக் கட்டையைச் சேர்த்தால் மைனர். இடப்பக்கத்து வெள்ளைக் கட்டையைச் சேர்த்தால் செவன்த். இரண்டையும் சேர்த்தால் மைனர் செவன்த். காசியோவில் மூல சுரத்தோடு வலப்பக்கம் கூடுதலாக எத்தனை கட்டைகள் அழுத்தப்படுகின்றன என்பதே கணக்கு. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாத தனி மொழிகள். ஒன்றில் கற்ற விரல் மற்றொன்றில் தவறும் என்பதோடு, பியானோவிலோ ஆர்மோனியத்திலோ இவற்றால் எந்தப் பயனும் இல்லை. எனவே மூன்று விரல்களால் கார்டின் சுரங்களை உள்ளபடியே பிடிக்கும் ‘ஃபிங்கர்ட்’ முறையைத் தொடக்கத்திலேயே பழகுவது நல்லது. இம்முறையில் சுரங்களின் வரிசையை மாற்றிப் பிடித்தாலும், சி-இ-ஜி என்பதை இ-ஜி-சி என்று பிடித்தாலும், கருவி அதே கார்டாகவே உணரும். விதிவிலக்குகளும் உண்டு: சி-இ-ஜி-ஏ என்ற நான்கும் சேர்ந்தால் அது சி சிக்ஸ்த் ஆகவும் இருக்கலாம், ஏ மைனர் செவன்த் ஆகவும் இருக்கலாம், சுரங்கள் ஒன்றே, பெயர் இரண்டு. இத்தகைய இடங்களில் மிகக் கீழே நிற்கும் சுரத்தையே மூலமாகக் கொண்டு கருவி முடிவெடுக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே ‘ஃபிங்கர்ட் ஆன் பேஸ்’ என்ற முறை இருக்கிறது. இதில் இடது கையின் மிகக் கீழான சுரம் எதுவோ அதையே பேஸ் கிதார் வாசிக்கும். சி, பிறகு ‘பி’யை அடியில் வைத்த ஜி, பிறகு ஏ மைனர், ஜி, எஃப் என்று கார்டுகள் வரும்போது பேஸ் மட்டும் சி-பி-ஏ-ஜி-எஃப் என்று படிக்கட்டில் இறங்குவதைத் திரைப்பாடல்களில் அடிக்கடி கேட்கலாம், சாதாரண முறையில் வாசித்தால் இந்தப் படிக்கட்டு உடைந்து பேஸ் தாவித் தாவிச் செல்லும். ஆயினும் இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிதார் மெட்டுக்கு எதிராகத் தனி மெட்டாகவே நடப்பதை எந்த ஸ்டைலும் தராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்த பேஸ் அந்தப் பாட்டுக்கென்றே எழுதப்பட்டது. ஸ்டைலின் பேஸ் எந்தப் பாட்டுக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதப்பட்டது. அத்தகைய பாடல்களில் ஸ்டைலின் பேஸை நிறுத்திவிட்டு, இடது கையிலேயே பேஸ் ஒலியை அமைத்து வாசிப்போரும் உளர். கடினமான வழிதான், ஆனால் பாட்டு பாட்டாகக் கேட்கும்.

பொத்தான்களைப் பொறுத்தவரை நேரமே எல்லாம். ‘சிங்க் ஸ்டார்ட்’ போட்டு வைத்தால் இடது கை முதல் கார்டைத் தொடும் கணத்தில் குழு தொடங்கும். ‘சிங்க் ஸ்டாப்’ போட்டால் கையை எடுத்ததும் நின்றுவிடும், விருத்தம் போலத் தாளமின்றிப் பாடும் இடத்துக்கு முன் இது கைகொடுக்கும். தானியங்கி ஃபில் இன் இயங்கும்போது மெயின் ‘பி’யை அழுத்தினால், அந்தத் தட்டிலிருந்தே உருட்டல் தொடங்கி ஆவர்த்த முடிவில் ‘பி’ வந்து சேரும். கடைசித் தட்டின் பின்பாதியில் அழுத்திவிட்டால் அடுத்த ஆவர்த்தம் முழுவதும் உருட்டல் ஓடி, பல்லவி தொடங்கிய பிறகும் டிரம்ஸ் உருண்டுகொண்டிருக்கும் அவலம் நேரும். இங்கே ஆவர்த்தம் என்பது மேற்கத்திய இசையின் ஒரு ‘பார்’ என்று கொள்க. நீளமான இன்ட்ரோக்களும் கவனத்துக்குரியவை: அவற்றுள் பல தமக்கென்று ஒரு கார்டு வரிசையை உள்ளே கொண்டிருப்பதால், இன்ட்ரோ ஓடும்போது பாட்டின் சட்ஜக் கார்டை மட்டும் பிடித்து அமைதியாக இருக்க வேண்டும், அங்கே கார்டு மாற்றினால் முன்னுரை முழுவதும் இடறும். யமாஹாவின் பல கருவிகளில், இடது பக்கம் அடுத்தடுத்த மூன்று கட்டைகளை ஒருசேர அழுத்தினால் டிரம்ஸ் தவிர மற்றனைத்தும் மௌனமாகிவிடும் என்பது பலர் அறியாத ஒரு சலுகை.

ஸ்டைலைத் தேர்ந்தெடுப்பதில் பெயர் ஏமாற்றும். ‘பாலட்’ என்றும் ‘பீட்’ என்றும் எழுதியிருப்பதைப் பார்த்து எடுப்பதைவிட, பாட்டின் நடையை முதலில் கையால் தட்டிப் பார்ப்பதே முறை. ஆதி தாளத்தில் சதுஸ்ர நடையில் வரும் பாட்டுக்கு 4/4 ஸ்டைல்கள் எண்ணற்றவை கிடைக்கும். தெம்மாங்கும் தாலாட்டும் பல பக்திப் பாடல்களும் திஸ்ர நடையில் மூன்று மூன்றாக ஓடுபவை. இவற்றுக்கு 6/8 ஸ்டைல்களும், ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பிளக்கும் ‘ஸ்லோ ராக்’ வகையும் பொருந்தும். வால்ட்ஸும் மூன்று தட்டுத்தான் என்றாலும் அதன் முதல் தட்டின் கனமும் பின்னிரண்டின் இலேசும் நடன மண்டபத்துக்கு உரியவை. தெம்மாங்கு அதில் கோட்டு சூட்டு அணிந்தது போல ஆகிவிடும். வேகத்தை எண்ணால் அமைப்பதைவிட, பாட்டை மனத்தில் பாடிக்கொண்டே ‘டேப் டெம்போ’ பொத்தானில் தட்டிக் கொடுப்பது இயல்பான வேகத்தைத் தரும். பாடுபவரின் சுருதி ஐந்தரைக் கட்டை என்றால் ஜி ஷார்ப், ஒரு கட்டை என்றால் சி. எல்லாப் பாட்டையும் ‘சி’யிலேயே வாசித்து டிரான்ஸ்போஸ் பொத்தானால் கட்டையை மாற்றிக்கொள்ளும் பழக்கம் மேடை அவசரத்தில் மன்னிக்கத்தக்கதே, ஆனால் உடன் ஒரு பேஸ் கிதார்காரர் வந்து நின்று ‘எந்த ஸ்கேல்’ என்று கேட்கும்போது அது பல்லிளிக்கும்.

ராகம் தழுவிய பாட்டில் ஸ்டைல் போடும்போதுதான் உண்மையான சிக்கல் எழுகிறது. மாயாமாளவகௌளையை ‘சி’யில் எடுத்துக்கொண்டால், சி மேஜரும் டி ஃப்ளாட் மேஜரும் எஃப் மைனரும் ராகத்துக்குள்ளேயே அடங்குகின்றன, பழக்கதோஷத்தால் ஜி மேஜரைப் பிடித்தால், அதிலுள்ள ‘டி’ சதுஸ்ருதி ரிஷபமாக வந்து, சுத்த ரிஷபத்துக்குரிய ராகத்தைக் கெடுத்துவிடும். கார்டைச் சரியாகப் பிடித்தாலும் ஆபத்து நீங்கிவிடுவதில்லை. ஸ்டைல் ஆக்குவோர் மூலப் பதிவில் ச, க, ப, நி என்ற கார்டுச் சுரங்களோடு சதுஸ்ருதி ரிஷபத்தையும் சதுஸ்ருதி தைவதத்தையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதும், காந்தாரத்தோடு மோதும் மத்யமத்தைத் தவிர்ப்பது நல்லது என்பதும் யமாஹாவின் கையேடுகள் தரும் வழிகாட்டல்; நிஷாதத்தை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது மோகனத்தின் சுரங்கள். ஆகவே மோகனப் பாட்டில் ஸ்டைலின் ஃப்ரேஸ் பிரிவுகள் இனிமையாக இழையும். மாயாமாளவகௌளையிலோ தோடியிலோ, வாசிப்பவர் செய்யாத தவறை அவை அவர் பெயரில் செய்துவிடும். ஃப்ரேஸ் இரண்டையும் பேடையும் நிறுத்தி, தேவையானால் கார்டுப் பிரிவுகளையும் நிறுத்தி, ரிதமும் பேஸும் மட்டும் ஓட விடுவதே இங்கே தக்கது. கார்டே வேண்டாத கீர்த்தனைக்கு ஏ.சி.எம்.பி. என்று குறிக்கப்பட்டிருக்கும் தானியங்கி இசையின் பொத்தானை அணைத்துவிட்டால் தாளம் மட்டும் எஞ்சும். இடது கையும் மெட்டுக்கு விடுதலை பெறும்.

இந்த ஸ்டைல்கள் தொழிற்சாலையில் தானாக விளைவதில்லை, ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் வாசித்து வைத்திருக்கிறார். ஜப்பானின் குனிதாச்சி இசைக் கல்லூரியில் படிப்பை முடித்து 1980இல் காசியோவில் சேர்ந்த ஒகுதா ஹிரோக்கோ, 1981இல் வெளிவந்த எம்.டி.-40 என்ற சிறு கீபோர்டுக்காக ‘ராக்’ என்ற பெயரில் தாளமும் பேஸும் கொண்ட ஒரு வடிவத்தை அமைத்தார். கல்லூரியில் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருந்த பொருள் ஜமைக்காவின் ரெகே இசை. அந்தக் கீபோர்டு ஜமைக்காவையே சென்றடைந்தது. இசைத் தயாரிப்பாளர் கிங் ஜாமி அந்த ‘ராக்’ வடிவத்தின் வேகத்தைக் குறைத்து, அதன் மேல் வெய்ன் ஸ்மித் பாடிய ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ பாட்டை 1985இல் வெளியிட்டார். மனிதர் வாசிக்கும் பேஸும் டிரம்ஸும் இல்லாமலேயே நடன இசை ஆக்கலாம் என்று அந்நாட்டு இசைக்கூடங்கள் கண்டுகொண்டதும், அதே வடிவத்தின் மேல் நூற்றுக்கணக்கான பாடல்கள் பிறந்ததும் அதன் பிறகே. வேகத்தைக் குறைத்தது மட்டுமே ஜாமி அந்த வடிவத்துக்குச் செய்த பெரிய மாற்றம் என்பதை ஸ்டைல் வாசிப்போர் எண்ணிப்பார்க்கலாம்.

தனியொருவர் குழுவாக நின்று வாசிக்கும் தொழில் பல நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. இந்தோனேசியாவில் ‘ஆர்கன் துங்கல்’, அதாவது ஒற்றை ஆர்கன், என்ற பெயரில் ஒரு கீபோர்டும் பாடகியருமாக டாங்டூட் இசை திருமண வீடுகளில் ஒலிக்கிறது. சிரியாவின் திருமணப் பாடகர் ஒமர் சுலைமானின் குரலுக்குப் பின்னால் ரிசான் சயீதின் கீபோர்டு ஒரு கூட்டத்தின் வேலையைச் செய்தது. அரபு இசையின் கால் சுரங்களுக்காக யமாஹா பி.எஸ்.ஆர்.-ஏ வரிசையில், தேவைப்படும் சுரத்தை மட்டும் அரைச் சுரத்தின் பாதியளவு தாழ்த்தும் வசதியை வைத்தது. இந்தியச் சந்தைக்கென்று வந்த பி.எஸ்.ஆர்.-ஐ வரிசையில் இந்திய ஸ்டைல்களும், தபலா தம்பூரா ஒலியோடு சாதகம் செய்வதற்கான ‘ரியாஸ்’ வசதியும் உண்டு. சென்னைக்கு அருகே யமாஹா தொடங்கிய தொழிற்சாலையில் 2019 முதல் கீபோர்டுகள் இங்கேயே தயாராகின்றன. எனினும் தமிழ்ப் பாட்டின் கமகம் தாழ்த்தி வைத்த கட்டையில் அகப்படுவதில்லை; இடது ஓரத்திலுள்ள பிட்ச் பெண்ட் சக்கரத்தை உருட்டி வாசிப்பதே அதற்கு வழக்கமான வழி, அதற்கோ கார்டு பிடிக்கும் அதே இடது கை வேண்டும். மெல்லிசைக் குழுக்கள் ஸ்டைலை நம்பாமல் தாளத்தை ரிதம் பேட் வாசிப்பவரிடமே விட்டிருப்பது, பழமைப் பிடிவாதமாகத் தோன்றினாலும், நல்ல முடிவே. பாடகர் ஒரு தட்டு தாமதித்தால் அவரும் தாமதிப்பார்.

கண்ட சாபுவின் ஐந்தும் மிஸ்ர சாபுவின் ஏழும் உலகச் சந்தைக்கான ஸ்டைல் பட்டியல்களில் அரிதானவை. இந்தக் குறையைத் தீர்க்க நடுத்தரக் கருவிகளிலிருந்தே ‘ஸ்டைல் கிரியேட்டர்’ என்ற வசதி இருக்கிறது. தாள அளவை 7/8 என்று அமைத்து, மெயின் ‘ஏ’க்கு இரண்டு ஆவர்த்த நீளம் கொடுத்து, முதலில் ரிதம் பிரிவில் மூன்றும் நான்குமாகப் பிரியும் சாபு நடையை மிருதங்க ஒலியிலோ தவில் ஒலியிலோ தட்டிப் பதிய வேண்டும், அது சுற்றிவரும்போதே பேஸ் பிரிவை எடுத்து, சட்ஜ பஞ்சமங்களை மட்டும் வைத்து எளிய நடையொன்றைச் சேர்க்க வேண்டும். தொடக்கத்தில் இவ்வளவே போதுமானது. பேஸில் காந்தாரத்தைச் சேர்க்காமல் விட்டால் மேஜரா மைனரா என்ற கேள்வியே எழாது, ராகத்துக்கும் பழுது வராது. பிறகு அதே மெயினைப் படியெடுத்து, ‘பி’யில் ஒரு கஞ்சிராவையோ கடத்தையோ கூட்டிக்கொள்ளலாம். தேர்ந்த மிருதங்கக்காரர் ஒருவரை அருகில் அமர்த்தி, அவர் தட்டுவதைக் கேட்டுப் பதிவதே இதில் சிறந்தது. விரல்களால் கட்டையைத் தட்டும் கீபோர்டுக்காரரின் தாளத்தில் சொல்கட்டு இருக்காது.

இவ்வாறு வீடுகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் உருவாகும் ஸ்டைல் கோப்புகள் பெரும்பாலும் பென்டிரைவ் மூலம் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ‘குத்து 1’, ‘ஃபோக் புதுசு’ என்ற பெயர்களோடு வரும் கோப்பிலிருந்து அதை ஆக்கியவர் யார், அதில் ஒலிக்கும் உறுமியையும் பறையையும் அடித்தவர் யார் என்பதை அறிய வழியில்லை. ஒரு பெரிய நிறுவனத்தின் ‘ராக்’ பொத்தானுக்குப் பின்னாலிருந்த ஒகுதாவின் பெயரையே உலகம் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டது. ஸ்டைல் ஆக்குவோர் ஒவ்வொருவரும் கோப்பின் பெயரோடு தாளத்தையும் நடையையும் எழுதி, தாளக் கருவி வாசித்துக் கொடுத்தவரின் பெயரையும் அருகிலேயே குறித்து வைக்க வேண்டும்.